கிரேக்கத் தீவுகளில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்தல்: எந்த மாதம், எத்தனை நாள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கத் தீவுகளுக்கிடையே பாய்மரப் படகொன்றை வாடகைக்கு எடுத்துச் சுற்றிவர விரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்குக் கடந்த சில கோடைகளில் ஏற்பாடுகள் செய்து கொடுத்திருக்கிறேன். சிலருடன் படகிலும் சென்றிருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது எந்தப் படகு, என்ன விலை என்பதைத்தான். ஆனால் பயணம் நன்றாக அமைவது பெரும்பாலும் வேறு மூன்றைப் பொறுத்தது: எந்த வாரத்தில் போகிறோம், எத்தனை நாள் போகிறோம், அந்த நாட்களுக்குள் எவ்வளவு கடலைக் கடக்க நினைக்கிறோம். பலரும் அலுவலக விடுப்பை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு தீவுகளின் பட்டியலை அதற்குள் திணிக்கிறார்கள். காற்றை முதலிலும், நாட்களை அடுத்தும், தீவுகளைக் கடைசியிலும் வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதே என் கருத்து. கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையை ஒட்டியே அமைந்துள்ளன.

எந்த மாதம் செல்வது நல்லது?

முதல் முறை செல்பவர்களுக்குச் செப்டம்பரின் முதல் மூன்று வாரங்களையே பரிந்துரைப்பேன். அது இயலாவிட்டால் மே கடைசி வாரம் முதல் ஜூன் இறுதி வரையிலான காலம் ஏற்றது.

படகு வாடகைப் பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் இறுதியில் முடிகிறது. இந்த ஆறு மாதங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. நிலம் விரைவில் சூடாகி விரைவில் குளிரும். கடல் இரண்டையும் மெதுவாகவே செய்யும். ஆகவே மே மாதத் தொடக்கத்தில் கரையில் இதமான வெயில் இருந்தாலும் கடல்நீரின் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கும். 28, 29 டிகிரி வங்கக் கடலில் கால் நனைத்துப் பழகிய நம் பிள்ளைகள் அந்த நீரில் குதித்த வேகத்திலேயே ஏணியைப் பிடித்து மேலே ஏறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஜூன் நடுவில் நீர் 22 டிகிரியை எட்டும். ஆகஸ்டில் 25, 26 வரை உயரும். செப்டம்பர் முழுவதும் அந்தச் சூடு பெரிதும் குறைவதில்லை. ஐரோப்பியப் பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் மட்டும் குறைந்துவிடும்.

பகல் நீளத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரியாத துறைமுகத்துக்குள் இருட்டிய பிறகு நுழையக் கூடாது என்பது கடலில் போகிறவர்களின் அடிப்படை ஒழுக்கம். ஜூன் இறுதியில் ஏதென்ஸ் பகுதியில் பகல் ஏறத்தாழ 15 மணி நேரம் நீடிக்கும். செப்டம்பர் நடுவில் பன்னிரண்டரை மணி. அக்டோபர் இறுதியில் 11 மணிக்கும் குறைவு. ஜூனில் காலை உணவை நிதானமாக முடித்துவிட்டுப் புறப்பட்டாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். அக்டோபர் கடைசியில் அதே தூரத்துக்கு விடியலிலேயே நங்கூரத்தைத் தூக்க வேண்டியிருக்கும்.

மெல்டெமி என்று எல்லோரும் எச்சரிக்கிறார்களே, அது என்ன?

கோடையில் ஏஜியன் கடலின் மேல் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். பண்டைய கிரேக்கர்கள் இதை ஆண்டு என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து எட்டேசியன் காற்று என்று அழைத்தார்கள். ஆண்டுதோறும் தவறாமல் வருவது என்பது அதன் பொருள். வாடை என்றால் நமக்கு மார்கழிக் குளிர் நினைவுக்கு வரும். இதுவோ கடுங்கோடையில் வீசும் வாடை.

இது பிறக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் வாரத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும். கோடையில் பால்கன் பகுதியின் மேல் காற்றழுத்தம் உயர்ந்திருக்கும். துருக்கியின் அனத்தோலிய நிலப்பரப்பு வெயிலில் கொதித்து, அதன் மேல் அழுத்தம் தாழ்ந்திருக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஏஜியன் கடலின் வழியே காற்று வடக்கிலிருந்து தெற்காகப் பாய்கிறது. அனத்தோலியத் தாழ்வழுத்தம் தனித்து நிற்பதன்று. தெற்காசியாவின் பருவமழைத் தாழ்வழுத்தம் மேற்கே நீண்டுசெல்லும் கரம் என்றே அதைச் சொல்லலாம். நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டுவரும் அமைப்பே அங்கே மெல்டெமியையும் வலுப்படுத்துகிறது. முசிறிக்கு மிளகு வாங்க வந்த யவன வணிகர்கள் இந்த ஒற்றுமையை அன்றே கவனித்திருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் பயணக் கையேடு, தங்கள் நாட்டில் எட்டேசியன் காற்று வீசும் அதே காலத்தில் இந்தியக் கடலில் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்குகிறது என்று சொல்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்லும் அதே நாட்களில்தான் மெல்டெமியும் உச்சத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் நாட்காட்டியைப் புரட்ட வேண்டியதில்லை.

ஜூனில் அது விட்டுவிட்டு வீசும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை முழு வலிமையுடன் இருக்கும். செப்டம்பர் நடுவில் தளரும். ஒருமுறை தொடங்கினால் மூன்று முதல் ஆறு நாட்கள் நீடிப்பது வழக்கம். சில சமயம் பத்து நாட்களும் ஆகும். காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 5, 6 என்பது அன்றாடம் எதிர்பார்க்கக்கூடியது. 7, 8 வரையும் போகும். 6 என்றால் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகம். வானம் கருக்காது, மேகமே இருக்காது. பளிச்சென்ற நீலவானத்தின் கீழ் கடல் மட்டும் வெண்ணுரையாகப் பொங்கிக்கொண்டிருக்கும். கரையில் நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். உயரமான தீவின் தெற்குப் பக்கம் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்துப் போனால், மலையிலிருந்து சரிந்து இறங்கும் காற்று அங்கே இன்னும் கடுமையான வீச்சுகளாக விழக்கூடும்.

எங்களுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் விடுமுறை. அப்படியானால் போகவே கூடாதா?

போகலாம். கடற்பகுதியை மாற்றிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வாழும் குடும்பங்கள் இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கின்றன.

மெல்டெமியின் ஆட்சி ஏஜியன் கடலில்தான், அதிலும் குறிப்பாக மிக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சாண்டோரினி ஆகியவை அடங்கிய சிக்லாடிஸ் தீவுக்கூட்டத்தில்தான். கிரேக்கத்தின் மேற்குக் கரையில் உள்ள அயோனியன் கடலில் காற்றின் குணமே வேறு. அங்கே காலையில் கடல் கண்ணாடிபோல் கிடக்கும். நண்பகல் வாக்கில் மைஸ்ட்ரோ எனப்படும் வடமேற்குக் காற்று எழும். 3, 4 அளவிலும் சில நாட்களில் 5 அளவிலும் வீசி, சூரியன் மறையும்போது தானும் அடங்கிவிடும். லெஃப்காடாவிலிருந்து மெகனிசி, இதாக்கா, கெஃபலோனியா என்று செல்லும் வழியில் கட்டத்துக்குக் கட்டம் 10 முதல் 15 கடல் மைல்தான் இருக்கும். அடுத்த தீவு எப்போதும் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருப்பது புதியவர்களுக்கு எவ்வளவு தைரியம் தருகிறது என்பதைப் படகில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது வழி சரோனிக் வளைகுடா. ஏதென்ஸின் அலிமோஸ் படகுத்துறையிலிருந்து புறப்பட்டு ஏகினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்சஸ் என்று போகலாம். அட்டிக்கா நிலப்பகுதி வடக்கில் மறைப்பதால் மெல்டெமி இங்கே பெரும்பாலும் 4, 5 அளவில் நின்றுவிடும். எப்போதாவது 6 வரும். அன்று துறையில் இருந்துகொள்ளலாம்.

ஆகஸ்டுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஆகஸ்ட் 15 மரியன்னையின் பெருவிழா. கிரேக்கர்களுக்கு ஈஸ்டருக்கு அடுத்த பெரிய திருநாள். அதன் முன்னும் பின்னும் ஒரு வாரம் துறைகளில் இடம் கிடைப்பது அரிது. ஹைட்ராவின் சிறிய துறையில் பிற்பகல் இரண்டு மணிக்கே கரை நிரம்பிவிடும். பிறகு வருபவர்கள் ஏற்கெனவே கட்டியிருக்கும் படகுகளுக்கு முன்னால் இரண்டாம் வரிசையாக நிற்பார்கள். அங்கே நங்கூரத்தை முன்னால் போட்டு, படகைப் பின்னோக்கி ஓட்டிவந்து, பின்புறத்தைக் கரையில் கட்டுவதே முறை. ஒருவர் சங்கிலியின் மேல் இன்னொருவர் சங்கிலி விழுந்து பின்னிக்கொள்ள, மறுநாள் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நங்கூரத்தை இழுக்கும்போது அந்தத் துறையே சிக்கல் விழுந்த நூற்கண்டாகிவிடும். அந்தச் சிக்கலிலிருந்து விடுபட ஒரு காலைப்பொழுது முழுவதும் போய்விட்டதும் உண்டு. ஏழு நாள் பயணத்தில் அரை நாளை இழப்பது சிறிய இழப்பல்ல.

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அது பொருந்துமா?

மே மாதத்தின் பிற்பாதி நன்றாகவே பொருந்தும். 20-ஆம் தேதிக்குப் பிறகு தொடங்கும் வாரத்தை எடுத்து, பள்ளி திறப்பதற்கு முன் திரும்பிவிடலாம். வாடகை குறைவு, துறைகளில் இடம் தாராளம், மலைச்சரிவுகளில் வசந்தகாலப் பசுமையும் மிச்சம் இருக்கும். கடல் சற்றுக் குளிர்ச்சியாக இருப்பதை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏப்ரலைத் தவிர்ப்பதே நல்லது. வானிலை நிலைப்பட்டிருக்காது, சிறிய தீவுகளில் உணவகங்கள் பலவும் திறந்திருக்காது.

சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை உண்டு. இந்தப் பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமான விடுமுறை நம்மவர்களில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்றே சொல்வேன்.

ஒரு வாரம் என்றால் உண்மையில் எத்தனை நாட்கள் கடலில் இருப்போம்?

ஒப்பந்தத்தில் ஏழு இரவுகள் என்று இருக்கும். கடலில் கிடைப்பது ஐந்தரை நாட்கள் அளவே. இதை முன்பே புரிந்துகொள்ளாமல் திட்டமிடுவதே நான் பார்த்த தவறுகளில் மிகப் பொதுவானது.

பெரும்பாலான நிறுவனங்களில் வாடகை வாரம் சனிக்கிழமை மாலை 5 மணிக்குத் தொடங்குகிறது. அன்று படகைப் பார்வையிட்டு, பாய், கயிறு, இயந்திரம், உயிர்காப்பு அங்கிகள், கழிப்பறைக் குழாய் வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பிறகு கடைக்குப் போய் அரிசி, காய்கறி, குடிநீர் வாங்கிவந்து அடுக்க வேண்டும். அதற்குள் இரவாகிவிடும். ஆகவே புறப்பாடு ஞாயிறு காலையில்தான். முடிவில், படகைச் சனிக்கிழமை காலை 9 மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்றாலும், வெள்ளிக்கிழமை மாலைக்குள்ளேயே புறப்பட்ட துறைக்குத் திரும்பி, எரிபொருளை நிரப்பி நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் எரிபொருள் நிரப்பும் இடத்தில் நிற்கும் படகு வரிசையைப் பார்த்தவர்கள் மூன்று மணிக்குள் திரும்பிவிடுவார்கள்.

இந்த ஐந்தரை நாட்களிலும் ஒன்றைக் காற்றுக்கென்று ஒதுக்கிவையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் சிக்லாடிஸ் தீவுகளுக்கே போவது என்று முடிவு செய்திருந்தால் இரண்டை ஒதுக்குங்கள். அந்த நாள் தேவைப்படாமல் போனால் பிடித்த விரிகுடாவில் கூடுதலாக ஒரு நாள் தங்கிக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

40 அடிப் பாய்மரப் படகு சராசரியாக மணிக்கு 5 கடல் மைல் போகும் என்று கணக்கிடுங்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அதாவது சைக்கிளில் மெதுவாகப் போகும் வேகத்தைவிடவும் குறைவு. குடும்பத்துடன் செல்லும்போது 20 கடல் மைல், அதாவது நான்கு மணி நேரம், ஒரு நாளைக்குப் போதுமானது. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி நீந்தவும் சாப்பிடவும் நேரம் இருக்கும். 30 மைலைத் தாண்டினால் அது பயணமாக மட்டுமே இருக்கும். சிறுவர்கள் சலித்துப்போவார்கள், குமட்டல் உள்ளவர்கள் சோர்ந்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கு காற்று பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும்போதுதான் செல்லும். காற்று வரும் திசைக்கு நேர் எதிராகப் பாய்மரப் படகு போக முடியாது. இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை கோணத்தில் மாறிமாறி வளைந்துதான் முன்னேற வேண்டும். அப்படிப் போகும்போது 20 மைல் தூரம் 28 மைலாகிவிடும். எதிர் அலையில் வேகமும் குறையும். மெல்டெமி காலத்தில் தெற்கே போவது சுகம். வடக்கே திரும்புவதுதான் சோதனை. பயணத்தின் முதல் பாதியில் காற்றுக்கு எதிரான தூரத்தை முடித்துக்கொண்டு, திரும்பும் பாதியைக் காற்றோடு வருவதாக அமைப்பது அனுபவமுள்ளவர்களின் வழக்கம்.

ஒரு வாரத்தில் ஏதென்ஸிலிருந்து சாண்டோரினி போய்த் திரும்ப முடியுமா?

காகிதத்தில் முடியும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அலிமோஸிலிருந்து சாண்டோரினி 120 கடல் மைலுக்கும் மேல். திரும்பும் 120 மைலும் வடக்கு நோக்கியது. கோடையில் அது காற்றுக்கு நேர் எதிர்த் திசை. ஐந்தரை நாட்களில் 240 மைலுக்கு மேல் போவதென்றால் நாளொன்றுக்கு 40 மைலுக்கு மேல் போக வேண்டும். காற்றுக்காக ஒதுக்கிய நாளும் இருக்காது. அவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்தாலும், தீவு சூழ்ந்திருக்கும் பழைய எரிமலை வாயினுள் கடல் மிக ஆழமாக இருப்பதால் நங்கூரம் போட இடம் கிடைப்பது கடினம். தெற்குக் கரையில் உள்ள விலிகாடா துறை சிறியது, நுழைவாயிலும் ஆழமற்றது. சாண்டோரினியைக் காண வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். படகுப் பயணத்தை முடித்துவிட்டு, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலில் போய் இரண்டு இரவுகள் மலையுச்சியில் தங்குங்கள். அந்தத் தீவின் அழகு மேலிருந்து கீழே பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது.

காற்றில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

ஒரு ஜூலைக் கடைசியில் எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துடன் சென்றேன். ஒரே வாரத்தில் கியா, கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ், மீலோஸ் என்று ஐந்து தீவுகள் பட்டியலில் இருந்தன. மூன்றாம் நாள் விடியலில், கித்னோஸ் தீவின் லூத்ரா துறையில், பாய்மரக் கம்பங்களின் மேல் கயிறுகள் படபடவென்று அடிக்கும் ஓசையில்தான் எல்லோரும் விழித்தோம். துறையில் கட்டியிருந்த படகுகளின் இரும்புக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் ஊளையிட்டன. காற்று 7-இல் இருந்தது. பக்கத்துப் படகில் இருந்த முதியவர் தம் கரைக் கயிறுகளை இரட்டிப்பாக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே அன்று யாரும் கிளம்பப் போவதில்லை என்பது புரிந்துவிட்டது.

மூன்று இரவுகள் அங்கேயே தங்கினோம். லூத்ராவில் வெந்நீர் ஊற்று ஒன்று வாய்க்காலாக ஓடிவந்து கடலில் கலக்கிறது. கரையோரம் கற்களை வட்டமாக அடுக்கி, வெந்நீரும் கடல்நீரும் கலக்கும் சிறு தொட்டிபோல் ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதிலேயே கிடந்தார்கள். பெரியவர்களுக்குத்தான் மனம் அமைதி அடையவில்லை. முன்பதிவு செய்த இடங்களை ஒவ்வொன்றாக இரத்து செய்துகொண்டிருந்தார்கள். வியாழன் விடியலில் காற்று சற்றே தணிந்த இடைவெளியில் இயந்திரத்தை ஓட்டி, எதிர் அலையில் நனைந்தபடி வடக்கே திரும்பினோம். ஐந்து தீவுகளில் பார்த்தது இரண்டு.

காற்று 6-ஐத் தாண்டினால் படகை எடுக்கக் கூடாது என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. துறைமுகக் காவல்துறையும் புறப்பாட்டைத் தடை செய்யலாம். அப்படி இழக்கும் நாட்களுக்கு வாடகை திரும்பக் கிடைக்காது. அந்தக் குடும்பத்தின் திட்டத்தில் தவறு ஒன்றுதான்: ஏழு நாட்களையும் நிரப்பிவிட்டிருந்தார்கள். அதே நாட்களில் இரண்டு தீவுகளை மட்டும் எண்ணி வந்திருந்தால் அது குறையில்லாத பயணமாக இருந்திருக்கும்.

பத்து நாள் அல்லது இரண்டு வாரம் எடுப்பது நல்லதா?

சிக்லாடிஸ் தீவுகளை முறையாகப் பார்க்க விரும்பினால் இரண்டு வாரம்தான் சரியான அளவு. முதல் நாளும் கடைசி நாளும் ஒருமுறைதான் கழியும் என்பதால் இரண்டு வார வாடகையில் ஏறத்தாழ பன்னிரண்டரை நாட்கள் கடலில் கிடைக்கும். ஒரு வாரத்தில் கிடைப்பதைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். இறுதிச் சுத்தம் செய்யும் கட்டணம் போன்றவையும் ஒருமுறைதான். பல நிறுவனங்கள் இரண்டாவது வாரத்துக்குச் சிறு தள்ளுபடியும் தருகின்றன.

ஆயினும் முதல் முறை செல்பவர்களுக்கு இரண்டு வாரத்தை நான் சொல்வதில்லை. 40 அடிப் படகில் எட்டுப் பேர், இரண்டு சிறிய கழிப்பறைகள், அளந்து செலவழிக்க வேண்டிய தண்ணீர் என்ற வாழ்க்கை எல்லோருக்கும் ஒத்துவராது. நான்காம் நாளில் உற்சாகம் கூடுகிறவர்களும் உண்டு, நான்காம் நாளிலேயே வீட்டை நினைத்து ஏங்குகிறவர்களும் உண்டு. முதலில் ஒரு வாரம் அயோனியன் கடலிலோ சரோனிக் வளைகுடாவிலோ போய்ப் பாருங்கள். பத்து நாள் வாடகை, சனிக்கிழமைக் கணக்குக்குள் அடங்காததால், மே, ஜூன் தொடக்கம், அக்டோபர் ஆகிய மாதங்களில்தான் எளிதாகக் கிடைக்கும்.

மூன்று, நான்கு நாட்களுக்கு மட்டும் எடுக்கலாமா?

அதே மாதங்களில் கிடைக்கும். ஏதென்ஸிலிருந்து ஏகினாவும் போரோஸும் போய்வரலாம். நாளொன்றுக்கான செலவு கூடும். குமட்டல் வருமா, குடும்பத்துக்குப் பிடிக்குமா என்று தெரியாதவர்கள் இதைத் தொடக்கமாகக் கொள்ளலாம்.

ஒரு துறையில் எடுத்து வேறொரு துறையில் விட முடியுமா?

கிளைகள் உள்ள நிறுவனங்களிடம் முடியும். படகைத் திருப்பிக்கொண்டுவரும் செலவைக் கட்டணமாக வாங்குவார்கள். மெல்டெமி காலத்தில் வடக்கே எடுத்துத் தெற்கே விடுவதற்கு அந்தக் கட்டணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். ஏதென்ஸிலிருந்து அயோனியன் கடலுக்குப் போக நினைப்பவர்கள் 1893-இல் திறக்கப்பட்ட கொரிந்துக் கால்வாயைக் கடக்க வேண்டும். 2021-இல் நிலச்சரிவால் மூடப்பட்ட அது, பிறகு பழுதுபார்க்கும் பணிகளுக்கிடையே சில மாதங்கள் மட்டும் திறக்கப்பட்டது. ஆகவே நீங்கள் போகும் வாரத்தில் திறந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

எங்களில் யாருக்கும் படகோட்டத் தெரியாது. அதனால் நாட்கள் மாறுமா?

கிரேக்கத்தில் படகை நீங்களே ஓட்டிச்செல்ல, ஒருவரிடம் அங்கீகரிக்கப்பட்ட உரிமமும் இன்னொருவருக்குப் போதிய அனுபவமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகை ஓட்டிச்செல்லும் ஸ்கிப்பர் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். அவருக்கு நாட்கூலியும் சாப்பாடும் படகில் ஒரு படுக்கையும் தர வேண்டும். எட்டுப் பேர் படுக்கும் படகில் ஏழு பேர்தான் போகலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். உள்ளூர் ஸ்கிப்பர் இருந்தால் காற்று எந்த நேரத்தில் தணியும், எந்த விரிகுடா ஒதுக்கமாக இருக்கும் என்பதை அறிந்து நடத்துவார். அதனால் ஒரு நாள் மிச்சமாகலாம். ஆனால் அவர் போக வேண்டாம் என்று சொல்லும் நாளில் வற்புறுத்தக் கூடாது.

கேட்டமரான் எனப்படும் இரட்டை உடல் படகை எடுத்தால் அதிக தூரம் போகலாமா?

நம் கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது என்பதால் எனக்கு அதன் மேல் தனி அன்பு உண்டு. சாயாமல் போகும், இடவசதி அதிகம், பெரியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஏற்றது. பக்கக் காற்றில் வேகமும் கூடும். காற்றுக்கு எதிராக மட்டும் ஒற்றை உடல் படகைவிடச் சிரமப்படும். அகலம் அதிகமாதலால், ஆகஸ்டில் சிறிய துறைகளில் இடம் பிடிக்க நண்பகலுக்கு முன்பே போய்ச் சேர வேண்டியிருக்கும். ஆகவே அதற்காகத் திட்டத்தில் மைல்களைக் கூட்டாதீர்கள்.

அக்டோபரில் போகலாமா?

முதல் இரு வாரங்கள் போகலாம். நீர் 22 டிகிரி அளவில் இருக்கும், வாடகை குறைவு. இடியுடன் கூடிய மழை திடீரென வரும் காலம் அது என்பதால் ஒதுக்கும் நாட்களை இரண்டாக்கிக்கொள்ளுங்கள். அயோனியன் கடலில் இந்த நிலை செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு. 2020 செப்டம்பர் 17, 18 தேதிகளில் இயானோஸ் என்ற சூறாவளி கெஃபலோனியா, இதாக்கா, ஸாகிந்தோஸ் தீவுகளைத் தாக்கிப் பல படகுகளைக் கரையேற்றிவிட்டது. அப்படிப்பட்டவை அரிதாகவே வரும். சில நாட்களுக்கு முன்பே எச்சரிக்கையும் கிடைக்கும்.

எப்போது முன்பதிவு செய்ய வேண்டும்? விலை எவ்வளவு மாறும்?

பல படகுகளுக்கு, ஆகஸ்ட் முதல் இரு வாரங்களின் வாடகையோடு ஒப்பிட்டால் மே தொடக்கத்திலும் அக்டோபரிலும் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். ஜூன் நடுவும் செப்டம்பர் நடுவும் இடைப்பட்டவை. ஆகஸ்ட் வாரம் வேண்டுமென்றால் முந்தைய குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்; முன்பதிவுத் தள்ளுபடியும் அப்போதுதான் கிடைக்கும். மே, அக்டோபருக்குக் கடைசி மாதத்திலும் நல்ல படகு கிடைக்கும். வழக்கமாகப் பாதித் தொகையைப் பதிவின்போதும் மீதியைப் புறப்பாட்டுக்குச் சில வாரங்கள் முன்பும் கேட்பார்கள்.

விசாவுக்கும் நாட்களுக்கும் என்ன தொடர்பு?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் செங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்திருக்க வேண்டும். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால் மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். படகுக்கு முன்பணம் கட்டும்போது விசா கையில் இருக்காது. ஆகவே விசா மறுக்கப்பட்டால் தேதியை மாற்றலாமா, பணம் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசா கேட்கும் நாட்களைப் படகு வாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். முன்னும் பின்னும் சில நாட்கள் சேர்த்துக் கேளுங்கள். கோஸ் போன்ற தீவுகளிலிருந்து துருக்கிக் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருப்பதால் ஒரு எட்டு போய்வரலாமே என்று பலருக்கும் தோன்றும். அது செங்கன் எல்லையை விட்டு வெளியேறுவதாகும். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவில் போனால் திரும்ப முடியாது.

விமானச் சீட்டை எந்த நாளுக்கு எடுப்பது?

போகும்போது வெள்ளிக்கிழமையே ஏதென்ஸில் இறங்கிவிடுங்கள். பெட்டி தாமதமாக வந்தால்கூட ஒரு நாள் கையில் இருக்கும், தூக்கமும் சரியாகும். திரும்பும்போது சனிக்கிழமை மாலை அல்லது ஞாயிற்றுக்கிழமை விமானத்தை எடுங்கள். சனிக்கிழமை காலை விமானம் என்றால் விடிவதற்கு முன்பே பெட்டிகளைச் சுமந்துகொண்டு படகை ஒப்படைக்க ஆள் தேட வேண்டியிருக்கும். பிணைத்தொகையைத் திரும்பப் பெற, நிறுவனத்தின் ஆள் நீரில் மூழ்கிப் படகின் அடிப்பகுதியைப் பார்த்துவிட்டு வரும்வரை நீங்கள் துறையில் காத்திருக்க வேண்டும்.